றஷ் லிம்போவுக்கு ஒரு கல்வெட்டு



எங்கள் ஊர்களில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அச்சடிப்பது வழக்கம். முகப்பில் படம், உள்ளே தேவாரம், பிறகு குலமுறை, அதன் பின் அன்னாரின் பெருமைகள். நான் பார்த்த கல்வெட்டுகள் எதிலும் ஒரு கஞ்சன் இருந்ததில்லை. வட்டிக்குக் கொடுத்தே அயலட்டைக் காணிகளை வளைத்துப் போட்டவரும் அங்கே கொடைவள்ளல்தான். வாசித்துவிட்டு எல்லோரும் பேசாமல் மடித்து வைத்துவிடுவோம். செத்த வீட்டில் போய்க் கணக்குப் பார்ப்பது பண்பல்ல. பிள்ளைகளின் மனம் நோகும்.

ஆனால் இறந்தவர் ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியவராக இல்லாமல், வேலைநாள் தோறும் மூன்று மணித்தியாலம், முப்பது வருடத்துக்கு மேலாக, ஒரு பெரிய நாட்டின் காதுக்குள் பேசிக்கொண்டிருந்தவராக இருந்தால் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டவர் நமது வாசகர் ஒருவர். கனடாவுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. களஞ்சியம் ஒன்றில் வேலை. கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர் ஒருவர் நல்ல மனிதராம், இவருக்கு வேலை பழக்கியவரே அவர்தானாம். அவருடைய காரின் பின்பக்கத்தில் றஷ் லிம்போ என்பவரின் பெயர் ஒட்டியிருக்கிறதாம். அவரைப் போல் ஒருவர் இனிப் பிறக்கப் போவதில்லை என்று சொல்வாராம். இன்னொரு தொழிலாளியிடம் விசாரித்தால் அந்தப் பெயரைக் கேட்டதுமே முகம் சுளிக்கிறாராம். ஆள் செத்துச் சில வருடங்கள் ஆகியும் ஏன் இந்தச் சண்டை, இதில் புதிதாக வந்த நாங்கள் எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று கேட்டு எழுதியிருக்கிறார்.

தலையாட்டுவதை அவரே முடிவு செய்யட்டும். ஆள் யார் என்பதை மட்டும் நான் சொல்லி வைக்கிறேன்.

றஷ் லிம்போ 1951ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் திகதி அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கேப் ஜிராடோ என்ற ஊரில் பிறந்தவர். சட்டத்தரணிகள் நிறைந்த குடும்பம். இவருக்குப் படிப்பு ஏறவில்லை, பல்கலைக்கழகத்தை ஒரு வருடத்தோடு விட்டுவிட்டார். பதின்ம வயதிலேயே உள்ளூர் வானொலியில் இசைத்தட்டுப் போடப் போனவர். பிறகு பல நிலையங்களில் சேர்ந்தார், பல நிலையங்களில் வேலை போயிற்று. கொஞ்சக் காலம் வானொலியே வேண்டாமென்று கன்சாஸ் சிற்றியில் ஒரு பேஸ்போல் கழகத்தின் அலுவலகத்தில் வேலை செய்தார். 1984இல் கலிபோர்னியா மாநிலத்தின் சக்ரமென்ரோ நகர வானொலி ஒன்றில் இடம் கிடைத்தது. அந்த இடம் எப்படிக் காலியானது என்பது சுவையான கதை. அதுவரை அங்கே பேசிக்கொண்டிருந்த மோர்ட்டன் டவுனி என்பவர் சீன இனத்தவரை இழிவுபடுத்தும் சொல்லொன்றை ஒரு பகிடியில் பாவித்தார். மன்னிப்புக் கேட்க மறுத்ததால் வேலை போயிற்று. அந்தக் கதிரையில்தான் லிம்போ வந்து உட்கார்ந்தார். ஒரு பகிடிக்காக ஆளை வீட்டுக்கு அனுப்பிய காலம் அது.

1988 ஓகஸ்ட் மாதம் அவருடைய நிகழ்ச்சி நாடு முழுவதற்கும் போகத் தொடங்கியது. ஆரம்பத்தில் 56 நிலையங்கள். பின்னாளில் 600க்கு மேல். வாரத்தில் ஒன்றரைக் கோடிப் பேர் கேட்டார்கள் என்று கணக்குச் சொல்லப்பட்டது. 2008இல் அவர் கையெழுத்திட்ட எட்டு வருட ஒப்பந்தத்தின் பெறுமதி ஏறத்தாழ 400 மில்லியன் டொலர். பாட்டுப் பாடாமல், பந்து விளையாடாமல், வாயால் மட்டும் உழைத்த காசு!

இது எப்படி நடந்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவரை மந்திரவாதியாக நினைத்துவிடுவோம். அமெரிக்காவில் 1949ஆம் ஆண்டு முதல் ஒரு விதி இருந்தது. வானலை என்பது பொதுச் சொத்து, ஆகவே சர்ச்சைக்குரிய பொதுவிடயத்தைப் பேசும் நிலையம் மாறுபட்ட கருத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நியாயக் கோட்பாடு என்று அதற்குப் பெயர். ஜனாதிபதி றேகன் காலத்தில், 1987இல், ஒலிபரப்பைக் கட்டுப்படுத்தும் ஆணைக்குழு அதைக் கைவிட்டது. காங்கிரஸ் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட முனைந்தபோது றேகன் தனது தடை அதிகாரத்தைப் பாவித்து நிறுத்தினார். அடுத்த வருடம் லிம்போ நாடு முழுவதும் ஒலித்தார்.

விதி நீங்கியது மட்டும் காரணமல்ல. பாட்டுக் கேட்பவர்கள் எல்லோரும் ஒலி தெளிவான எஃப்.எம். அலைவரிசைக்குப் போய்விட்டார்கள். பழைய ஏ.எம். நிலையங்கள் ஈயோட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு மலிவாக மூன்று மணித்தியாலத்தை நிரப்ப ஏதாவது தேவைப்பட்டது. லிம்போவின் விநியோகஸ்தர்கள் நிகழ்ச்சியை நிலையங்களுக்கு இலவசமாகவே கொடுத்தார்கள். பதிலுக்கு விளம்பர நிமிடங்களில் ஒரு பங்கைத் தாங்கள் எடுத்துக்கொண்டார்கள். நிலையத்துக்குச் செலவில்லை, கேட்பவர் தொகை கூடுகிறது. எந்த முதலாளி வேண்டாம் என்பார்? உள்ளூர் அறிவிப்பாளருக்குச் சம்பளம் கொடுத்து உள்ளூர்ச் சங்கதி பேச வைப்பதைவிட இது இலாபம். சிறு ஊர்களில் நண்பகலில் ஊர்க்குரல் அடங்கி அவருடைய குரல் கேட்கத் தொடங்கியது இப்படித்தான்.

திறமைசாலி என்பதை மறுக்க முடியாது. எழுதி வைத்து வாசிப்பவரல்ல. பத்திரிகைத் துணுக்கு ஒன்றைக் கையில் எடுத்தாரானால் அரை மணித்தியாலம் இழுப்பார். கடுதாசியை மைக்கின் முன்னால் சரசரக்க விடுவார், மேசையைத் தட்டுவார், சொல்லுக்கிடையில் நிறுத்தித் தவிக்க வைப்பார். நமது ஊரில் கதாப்பிரசங்கம் செய்தவர்களுக்குத் தெரிந்த வித்தைகள் எல்லாம் அவருக்கும் தெரியும். 2001இல் அவருடைய இரண்டு காதும் ஏறக்குறைய முற்றாகக் கேளாமல் போயின. வானொலிக்காரனுக்கு இதைவிட வேறு சாபம் உண்டா? அழைப்பவர் பேசுவதைப் பக்கத்தில் ஒருவர் தட்டச்சுச் செய்து கொடுக்க, அதைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டு நிகழ்ச்சியை நடத்தினார். பிறகு காதுக்குள் கருவி பொருத்தினார்கள். இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று வருடந்தோறும் வானொலியில் பெருந்தொகை சேர்த்துக் கொடுத்தவரும் இவர்தான். கல்வெட்டில் போடக்கூடிய விடயங்கள் இவை. பொய்யில்லாமலே போடலாம்.

எங்களுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் யோசிக்கக்கூடும். எல்லைக்கு அப்பால் பஃபலோ நகரத்தில் 930 அலைவரிசையில் இயங்கிய ஏ.எம். நிலையம் அவரை ஒலிபரப்பியது. ஏரியைத் தாண்டி அது ரொறன்ரோவுக்கும் கேட்கும். தொண்ணூறுகளில் இங்குள்ள தொழிற்சாலைகளில் வேலை செய்த பலருக்கு அந்தக் குரல் நினைவிருக்கும். மேற்பார்வையாளர் எந்த நிலையத்தை வைக்கிறாரோ அதைத்தான் எல்லோரும் கேட்க வேண்டும். ரக்ஸி ஓட்டிய நம்மவர் சிலர் ஆங்கிலம் பழகவென்றே அதைக் கேட்டார்கள். தெளிவான உச்சரிப்பு, நிறுத்தி நிறுத்திப் பேசும் பாணி, ஆங்கிலம் பழக அது நல்ல வாத்தியார்தான்.

அப்படிக் கேட்டவர்கள் சொன்ன ஒன்றை இங்கே மறைக்கக் கூடாது. மனுசன் சொல்வதில் பாதி சரிதானே என்பார்கள். குடும்பம் உடையக்கூடாது, பிள்ளைகளுக்குக் கண்டிப்பு வேண்டும், அரசாங்கத்தின் காசை எதிர்பார்க்காமல் உழைத்து முன்னேற வேண்டும், வரி குறைய வேண்டும், கடவுள் பயம் வேண்டும். இவையெல்லாம் எங்கள் வீடுகளில் நாளாந்தம் கேட்கிற வசனங்கள் அல்லவா? உண்மையைச் சொன்னால் நமது பெரியவர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த விடயங்களில் பழமைபேணுபவர்களே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தக் கருத்துகளை நிதானமாகப் பேசியவர்கள் அமெரிக்காவிலும் இருந்தார்கள், இங்கும் இருக்கிறார்கள். லிம்போவின் கணக்கைப் பார்க்கும்போது அவருடைய கட்சியையோ வரிக் கொள்கையையோ நான் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் யாரைப் பார்த்துச் சிரித்தார், மற்றவர்களை யாரைப் பார்த்துச் சிரிக்க வைத்தார் என்பதைத்தான் பார்க்கிறேன். அவரைத் தனியாக நிறுத்தியது அந்தச் சிரிப்புத்தான். அவர் விட்டுச் சென்ற முதுசமும் அதுதான்.

தேசிய வானொலியில் ஏறிய தொடக்கத்தில் எயிட்ஸ் நோய் பற்றி ஒரு பகுதி வைத்திருந்தார். அந்த நோயில் இறந்துகொண்டிருந்த தன்னினச் சேர்க்கையாளர்களைக் கேலி செய்யும் பகுதி அது. பிரபலமான பாட்டொன்றை முன்னால் போட்டுவிட்டுத் தொடங்குவார். 1990 முடிவதற்குள் அமெரிக்காவில் அந்த நோய்க்குப் பலியானவர்கள் ஒரு இலட்சத்துக்கு மேல். அவர்களில் கனபேர் இருபது, முப்பது வயது இளைஞர்கள். பெற்றோர் வந்து பிரேதத்தைப் பொறுப்பெடுக்க மறுத்த சம்பவங்களும் உண்டு. அந்த நேரத்தில்தான் அந்தப் பகிடி. எதிர்ப்புக் கிளம்பிய பின் அதை நிறுத்தினார், அதற்காக வருந்துவதாகவும் பின்னர் சொன்னார். வருந்தியது உண்மையாக இருக்கலாம். ஆனால் பாணி மாறவில்லை.

2006 ஒக்ரோபரில் நடந்ததைப் பாருங்கள். நடிகர் மைக்கேல் ஜே. பொக்ஸை இங்கே பலருக்குத் தெரியும். கனடாவில், எட்மன்ரனில் பிறந்தவர். இளம் வயதிலேயே பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் பிடித்தவர். குருத்தணு ஆராய்ச்சிக்கு ஆதரவான வேட்பாளர் ஒருவருக்காக ஒரு விளம்பரத்தில் தோன்றினார். உடம்பு கட்டுப்பாடில்லாமல் ஆடியது. லிம்போ, அவர் நடிக்கிறார் அல்லது மருந்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்று சொன்னதோடு நிற்காமல், தனது கலையகக் கமராவின் முன்னால் கையையும் உடம்பையும் ஆட்டி அவரைப் போலவே செய்து காட்டினார். தான் சொன்னது பிழையென்றால் மன்னிப்புக் கேட்பேன் என்று பிறகு சொன்னார். ஆட்டிக் காட்டியது எல்லோர் கண்ணிலும் பட்டாயிற்று.

2012இல் ஜோர்ஜ்ரவுன் பல்கலைக்கழகச் சட்ட மாணவி சன்ட்ரா புளூக், கருத்தடை மாத்திரைச் செலவை மருத்துவக் காப்புறுதி ஏற்க வேண்டும் என்று காங்கிரஸ் உறுப்பினர்கள் முன் சாட்சியம் சொன்னார். லிம்போ அவரை விலைமாது என்று பொருள்படும் சொற்களால் ஏசினார், ஒரு நாளல்ல, தொடர்ந்து சில நாள். பெண் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கும் நமது தாய் தகப்பன்மார் இதை ஒருகணம் யோசித்துப் பார்க்கட்டும். பிள்ளை ஒரு பொது இடத்தில் எழுந்து தன் கருத்தைச் சொல்கிறாள். அடுத்த நாள் கோடிக்கணக்கான காதுகளில் அவளுடைய பெயர் நாறுகிறது. பெரிய நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளம்பரத்தை நிறுத்திய பின்னர்தான் மன்னிப்பு வந்தது.

ஊரில் பட்டம் தெளிப்பது என்று சொல்வோம். நொண்டிக்கு ஒரு பட்டம், திக்குவாய்க்கு ஒரு பட்டம். பள்ளிக்கூடத்தில் அப்படிப் பட்டம் வாங்கியவர்களுக்குத்தான் அதன் வலி தெரியும். அந்த வேலையை லிம்போ ஒரு தொழிற்துறையாகவே வளர்த்தார். பெண்ணுரிமை பேசும் பெண்களை ஹிட்லரின் நாஸிகளோடு முடிச்சுப்போட்டு ஒரு சொல்லைப் பரப்பினார். 2007இல் ஒபாமாவின் நிறத்தை வைத்து ஒரு கேலிப் பாட்டு ஒலிபரப்பினார். கேட்டால், நான் பகிடிக்காரன், பொழுதுபோக்குக் கலைஞன் என்பார். ஆனால் வேறு யாராவது அவரைப் பொழுதுபோக்குக் கலைஞன் என்று சொல்லிப் பார்க்கட்டும்! 2009இல் குடியரசுக் கட்சியின் தேசியத் தலைவர் மைக்கேல் ஸ்டீல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அப்படித்தான் சொன்னார். இரண்டொரு நாளுக்குள் அந்தக் கட்சித் தலைவரே லிம்போவிடம் மன்னிப்புக் கோர வேண்டி வந்தது. 1992இல் ஜனாதிபதி மூத்த புஷ் வெள்ளை மாளிகையில் அவருடைய பயணப் பையைத் தன் கையால் தூக்கிச் சென்றார். 1994இல் நாற்பது வருடத்துக்குப் பிறகு குடியரசுக் கட்சி கீழ்ச்சபையைப் பிடித்தபோது புதிய உறுப்பினர்கள் அவரைத் தங்களில் ஒருவராகக் கௌரவ உறுப்பினர் ஆக்கினார்கள். பகிடிக்காரனுக்குக் கிடைக்கிற மரியாதையா இது?

எங்களைப் போன்றவர்களைப் பற்றி என்ன சொன்னார் என்பதற்கு வருவோம். 2006 வசந்தத்தில் குடிவரவாளர்கள் அமெரிக்க நகரங்களில் ஊர்வலம் போனார்கள். லிம்போ வானொலியில், எனக்கு அதிகாரம் கிடைத்தால் இந்தச் சட்டங்களைப் போடுவேன் என்று ஒரு பட்டியல் வாசித்தார். கைத்தொழில் தெரியாதவன் வரக்கூடாது. வந்தவனுக்கு அரசாங்க உதவி கிடையாது. வாக்குரிமை கிடையாது. ஊர்வலம் போகக்கூடாது, கொடி பிடிக்கக்கூடாது, அரசாங்கத்தைக் குறை சொல்லக்கூடாது. வாயை மூடிக்கொண்டிரு, முடியாதென்றால் வெளியேறு. எல்லாவற்றையும் வாசித்து முடித்துவிட்டு, இவை நான் போட்ட சட்டங்களல்ல, மெக்சிக்கோ நாடு அந்நியருக்குப் போட்டிருக்கும் சட்டங்கள் என்று போட்டு உடைத்தார்.

கெட்டித்தனமான பகிடிதான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு கூட்டித் துடைத்துக்கொண்டிருக்கிற மெக்சிக்கோத் தொழிலாளி அந்தச் சட்டங்களை எழுதியவனா? அந்த நாட்டில் பிழைக்க வழியில்லாமல் ஓடிவந்தவன் அவன். ஓடி வந்த நாட்டு அரசாங்கத்தின் குற்றத்தையும் அவன் தலையில் கட்டியாயிற்று. இது நமக்குப் பழக்கமான கணக்கு. லிம்போ எங்களைப் பெயர் சொல்லி ஏசியது கிடையாது, அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் 2010 ஓகஸ்டில் 'சன் சீ' கப்பலில் 492 தமிழர் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரைக்கு வந்து சேர்ந்தபோது கனேடிய வானொலிகளில் அழைப்பெடுத்தவர்களின் பேச்சைக் கேட்டவர்களுக்கு அந்தத் தொனி விளங்கியிருக்கும். கப்பலைத் திருப்பி அனுப்பு, இவர்கள் வரிசையைத் தாண்டிக் குதித்தவர்கள், எங்கள் வரிப்பணத்தில் சாப்பிட வந்தவர்கள். உள்ளே குழந்தைகள் இருந்தார்கள், கர்ப்பிணிகள் இருந்தார்கள். 1986இல் 155 பேர் நியூபவுண்லாந்துக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்தபோது கரையேற்றியவர்கள் சாதாரண மீன்பிடிகாரர்கள். அப்போதும் எதிர்ப்புக் குரல் இல்லாமலில்லை. இரண்டு முறையும் லிம்போ காரணமல்ல. முகம் தெரியாத ஒரு கூட்டத்தைப் பற்றி, மூன்று வசனத்தில், சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லலாம், சொன்னால் கைதட்டுக் கிடைக்கும், விளம்பரமும் கிடைக்கும் என்று ஒரு கண்டத்துக்கே காட்டிக் கொடுத்தவர் அவர்.

கனடாவில் இதற்குக் கொஞ்சம் கடிவாளம் உண்டு என்பதைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1991ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் மாறுபட்ட கருத்துகளைக் கேட்க மக்களுக்கு நியாயமான வாய்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. இனம், நிறம், மதம் போன்ற காரணங்களால் ஒருவரை வெறுப்புக்கு ஆளாக்கும் இழிபேச்சை வானொலி ஒழுங்குவிதிகள் தடை செய்கின்றன. யாரும் முறைப்பாடு எழுதலாம், குடியுரிமை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆனால் அலைக்கு எல்லைக் கோடு தெரியாது.

இந்த மனிதருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் யோசனை தந்த சம்பவம் ஒன்றுண்டு. 1995இல் தனது தொலைக்காட்சி நிகழ்ச்சியில், போதைப்பொருள் பாவித்துச் சட்டத்தை மீறுபவர்களைக் குற்றவாளிகளாகக் கண்டு உள்ளே தள்ள வேண்டும் என்று பேசினார். 2003 ஒக்ரோபரில், தான் வலிநிவாரணி மாத்திரைகளுக்கு அடிமையாகிவிட்டதாக அவரே வானொலியில் ஒப்புக்கொண்டார். முதுகுவலிக்குத் தொடங்கியது கைமீறிப் போயிற்று. வைத்தியருக்கு வைத்தியர் மாறி மாத்திரை வாங்கினார் என்று புளோரிடாவில் வழக்கு. அவருடைய மருத்துவக் கோவைகளை அரச வழக்குத் தொடுநர் எடுத்தபோது, அது ஒருவரின் அந்தரங்க உரிமையை மீறும் செயல் என்று அவருக்காக நீதிமன்றம் வந்தவர்கள் யார் தெரியுமா? அமெரிக்க சிவில் உரிமைகள் ஒன்றியம். அவர் காலமெல்லாம் நையாண்டி செய்த அதே அமைப்பு! 2006இல் வழக்கு இணக்கத்துக்கு வந்தது. விசாரணைச் செலவுக்கு 30,000 டொலர் கட்டினார், சிகிச்சையைத் தொடர்ந்தார், சிறைக்குப் போகவில்லை.

போகாமல் விட்டது நல்லது. மாத்திரைக்கு அடிமையானவனுக்கு வைத்தியம்தான் தேவை. ஆனால் அந்தக் கருணை தனக்குக் கிடைத்த பிறகு, அது கிடைக்காமல் அதே குற்றத்துக்காகச் சிறையில் கிடந்த ஆயிரக்கணக்கான ஏழைகளுக்காக அவர் தனது தங்கநிற மைக்கைத் திருப்பியிருந்தால், இந்தக் கல்வெட்டை நான் வேறு விதமாக எழுதியிருப்பேன். அவரைவிட அதற்குப் பொருத்தமான ஆள் அமெரிக்காவில் இருக்கவில்லை. அவர் சொன்னால் அந்தப் பக்கத்தார் கேட்டிருப்பார்கள். சந்தர்ப்பம் வாசலுக்கு வந்து நின்றது, அவர் கதவைத் திறக்கவில்லை.

கடைசி வருடத்துக்கு வருகிறேன். 2020 பெப்ரவரி 3ஆம் திகதி, தனக்கு முற்றிய நுரையீரல் புற்றுநோய் என்று அறிவித்தார். அடுத்த நாள் ஜனாதிபதி டிரம்ப் நாடாளுமன்ற உரையின் நடுவில் அவருக்குச் சுதந்திரப் பதக்கம் வழங்கினார். அன்னை தெரேசாவும் ரோசா பார்க்ஸும் பெற்ற அதே பதக்கம். அந்த மாத இறுதியில் கொரோனா நோயைச் சாதாரண தடிமன் என்று வானொலியில் சொன்னார். அவர் சொன்னதை வேதவாக்காக எடுக்கும் வயோதிபர்கள் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்! 2021 ஜனவரி 6ஆம் திகதி கும்பலொன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. வன்முறை எந்தச் சூழ்நிலையிலும் கூடாது என்று கண்டித்தவர்களை மறுநாள் லிம்போ கிண்டல் செய்தார். அமெரிக்காவின் சுதந்திரப் போராளிகள் அப்படி நினைக்காமல் விட்டது நல்லதென்றார். பெப்ரவரி 17ஆம் திகதி, 70ஆவது வயதில் மறைந்தார். மனைவி அவருடைய நிகழ்ச்சியிலேயே வந்து செய்தியைச் சொன்னார்.

அன்று சிலர் கொண்டாடினார்கள். பல வருடங்களாகச் சுருட்டும் கையுமாகப் படத்துக்கு நின்றவர், புகைப் பழக்கத்தின் ஆபத்தை எச்சரித்தவர்களைப் பகிடி பண்ணியவர், நுரையீரல் நோயில் போனார் என்று கைகொட்டினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மூச்சுவிட முடியாமல் ஒருவன் சாவதைப் பார்த்துச் சிரிப்பதென்றால் பிறகு எயிட்ஸ் பகிடியில் என்ன பிழை கண்டோம்? அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள், அவரை வெறுத்து வளர்ந்தவர்கள், இரண்டு பகுதியாருமே அவருடைய சிரிப்பைப் பழகிவிட்டார்கள் போலிருக்கிறது. எங்களுடைய தமிழ் வானொலிகளில் இரவு நேர அழைப்பு நிகழ்ச்சிகளைக் கேட்கும்போது சிலவேளை இதே எண்ணம் எனக்கு வருவதுண்டு. ஒருவரின் ஊரை, சாதியை, வந்த வழியை இழுத்து நையாண்டி செய்தால் தொலைபேசி ஓயாமல் அடிக்கிறது. அதைப் பற்றி இன்னொரு இதழில் விரிவாக எழுத எண்ணம்.

புளோரிடா ஆளுநர் மாநிலக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடக் கட்டளையிட்டார். அந்த மாநிலத்தின் விவசாய ஆணையாளர் தனது அலுவலகங்களில் இறக்க முடியாதென்று மறுத்தார். அந்த நேரத்தை நிரப்ப அதே வருடம் இருவரை நியமித்தார்கள். ஆனால் பழைய நிலையங்கள் எல்லாவற்றையும் ஒரே குரலில் கட்டிப் போட இனி யாராலும் முடியாது. அவரிடம் தொழில் பழகியவர்கள் நூற்றுக்கணக்கில், ஆளுக்கொரு மைக்கோடு இருக்கிறார்கள்.

வாசகரின் நண்பருக்கு அவர் ஏன் அவ்வளவு பெரியவர் என்பதும் எனக்குப் புரிகிறது. சிற்றூரில் தொழிற்சாலை மூடி, படித்தவர்கள் தன்னை மதிக்கவில்லை என்று குமைந்துகொண்டிருந்த ஒரு மனிதனுக்கு, நீ முட்டாளல்ல, நீ தனியாகவும் இல்லை என்று தினமும் மத்தியானம் ஒரு குரல் சொன்னது. அது சின்ன விடயமல்ல. அகதியாக வந்த எங்களுக்கு அந்தத் தனிமை நன்றாகத் தெரியும். அந்த ஆறுதலுக்கான விலையைத்தான் வேறு யாரோ கட்டினார்கள். அந்த நல்ல மனிதரோடு தேநீர் இடைவேளையில் பேசக் கிடைத்தால், அவருக்குப் பிடித்த பகிடி எது என்று நமது வாசகர் கேட்டுப் பார்க்கலாம். சண்டைக்கல்ல, அறிவதற்கு.

மிசூரி மாநிலச் சட்டசபைக் கட்டடத்தில் அந்த மண்ணின் புகழ்பெற்றவர்களுக்கு மார்பளவுச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். மார்க் ட்வைன் இருக்கிறார், ஜனாதிபதி ட்ரூமன் இருக்கிறார். 2012 மே மாதத்தில் இரண்டு சிலைகள் புதிதாகச் சேர்ந்தன. இரண்டையும் செய்தவர் ஒரே சிற்பி. ஒன்று ட்ரெட் ஸ்கொட் என்ற கறுப்பின அடிமையுடையது. தனக்கும் தன் குடும்பத்துக்கும் விடுதலை கேட்டு வழக்குப் போட்டு, 1857இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றுப்போனவர். கறுப்பினத்தவர் இந்த நாட்டின் பிரசையாகவே முடியாது என்று அந்த நீதிமன்றம் அப்போது சொன்னது. மற்றையது றஷ் லிம்போவுடையது. ஸ்கொட்டின் சிலையை எல்லோர் முன்னிலையிலும் திறந்தார்கள். சன்ட்ரா புளூக் விவகாரம் சூடு ஆறாத நேரம் அது. லிம்போவின் சிலையைக் கதவைப் பூட்டிக்கொண்டு, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் இருக்க, அவர் முன்னிலையிலேயே திறந்தார்கள். பிறகு யாரும் சேதம் செய்துவிடாமல் பார்ப்பதற்காக அந்தச் சிலைக்கு மட்டும் தனியாக ஒரு கமரா பூட்டினார்கள்.